ஆடும் அளவுகோலில் அளந்த மாத்திரை

"அதே மருந்துதான் தம்பி, கம்பெனிதான் வேற."

நம்ம வேங்கிக்கால் மெயின் ரோட்டில் எந்த மெடிக்கல் ஷாப்பில் நின்றாலும் இந்த வசனம் காதில் விழும். டாக்டர் எழுதின பிராண்ட் இல்லை, விலை குறைவாக இன்னொன்று இருக்கு, வாங்கிக்கோங்க என்பதுதான் அதற்கு அர்த்தம். பெரும்பாலும் அது உண்மையும்கூட. ஜெனரிக் மருந்து இல்லையென்றால் நம்ம வீடுகளில் பாதிப் பேர் பிபி மாத்திரையைப் பாதி மாதத்தோடு நிறுத்தியிருப்பார்கள். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது ஜெனரிக் மருந்துக்கு எதிரான கட்டுரை இல்லை. "அதே மருந்துதான்" என்று சொல்ல ஒரு கணக்கு இருக்கிறது. சில மருந்துகளுக்கு மட்டும் அந்தக் கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது. அதை அடைக்க வழியும் இருக்கிறது, செலவும் கம்மி. அப்படியிருக்க ஏன் அடைக்காமல் வைத்திருக்கிறோம் என்பதுதான் என் கேள்வி.

"இது பார்மசிக்காரங்க சமாச்சாரம், நமக்கெதுக்கு?" என்று ஸ்க்ரோல் பண்ணிவிடாதீர்கள். ஸ்டாடிஸ்டிக்ஸ் பேப்பரில் டைப் ஒன் எரர், டைப் டூ எரர் என்று இரண்டு மார்க்குக்கு மனப்பாடம் பண்ணினோமே, அது நிஜ உலகத்தில் மனிதர்களின் வயிற்றுக்குள் போய் வேலை செய்யும் இடம் இது. பிரச்சினையும் முழுக்க முழுக்க த்ரெஷோல்டு பிரச்சினை. நம்ம ஏரியாதான்.

ஒரு ஜெனரிக் கம்பெனி புதிதாக நோயாளிகளை வைத்து மருந்து குணப்படுத்துகிறதா என்று நிரூபிக்க வேண்டியதில்லை. அதை ஒரிஜினல் கம்பெனி ஏற்கெனவே செய்துவிட்டது. ஜெனரிக் காட்ட வேண்டியது ஒன்றுதான்: தன் மாத்திரையிலிருந்து ரத்தத்துக்குள் போகும் மருந்தின் அளவும் வேகமும் ஒரிஜினலைப் போலவே இருக்கிறது என்று. இதற்குத்தான் பயோஈக்விவலன்ஸ் ஆய்வு, சுருக்கமாக பி.ஈ. ஆய்வு. ஆரோக்கியமான வாலண்டியர்கள் கொஞ்சம் பேர். ஒவ்வொருவரும் ஒரு தடவை ஒரிஜினலை விழுங்குவார்கள், சில நாள் இடைவெளி விட்டு ஜெனரிக்கை விழுங்குவார்கள். இரண்டு தடவையும் மணிக்கணக்கில் ரத்தம் எடுத்து, உச்ச அளவு எவ்வளவு (சி-மேக்ஸ்), மொத்தமாக எவ்வளவு உள்ளே போனது (ஏ.யூ.சி.) என்று பார்ப்பார்கள்.

பிறகு இரண்டுக்கும் விகிதம் எடுப்பார்கள். அந்த விகிதத்தின் 90 சதவீத நம்பிக்கை இடைவெளி முழுவதும் 80-க்கும் 125-க்கும் நடுவில் அடங்க வேண்டும். அடங்கினால் பாஸ். இடைவெளியின் ஒரு முனை கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலும் ஃபெயில். 1987-இல் ஷூயர்மன் என்ற அமெரிக்கப் புள்ளியியலாளர் ஒழுங்குபடுத்திக் கொடுத்த முறை இது. இன்றைக்கும் உலகம் முழுக்க இதுதான்.

90 சதவீதம் ஏன்? இரண்டு பக்கமும் 5 சதவீதம் விட்டால் நடுவில் 90. அந்த 5 சதவீதம்தான் இந்தக் கட்டுரையின் ஹீரோ. நிறையப் பேர் இதை "நூறு ஜெனரிக்கில் அஞ்சு டூப்ளிகேட்" என்று புரிந்துகொள்கிறார்கள். அது தப்பு. சரியான அர்த்தம் இது: ஒரு மாத்திரை உண்மையிலேயே எல்லைக்கோட்டில், அதாவது ஒரிஜினலைவிட 25 சதவீதம் அதிகமாக மருந்தை உள்ளே தள்ளுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படிப்பட்ட ஒன்று ஆய்வில் குருட்டு அதிர்ஷ்டத்தில் பாஸ் ஆகிவிடும் வாய்ப்பு 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இதுதான் ஃபால்ஸ் பாசிட்டிவ். நான் "தவறான பாஸ்" என்றே எழுதுகிறேன். கம்பெனிக்கு நஷ்டம் வரும் தப்பு ஒன்று இருக்கிறது, நல்ல மாத்திரை ஃபெயில் ஆவது. அதைக் கம்பெனி பார்த்துக்கொள்ளும், திரும்ப ஆய்வு நடத்தும். தவறான பாஸின் நஷ்டம் மாத்திரை விழுங்குகிறவருக்கு. அவருக்கு ஆய்வு நடந்ததே தெரியாது. அவருக்காக யாராவது முன்கூட்டியே ஒரு எண்ணைக் கெட்டியாகப் பிடித்து வைக்க வேண்டும். அந்த எண்தான் 5.

இந்தியாவில் இதற்கு ஒரு தனிக் கதை. முன்பெல்லாம் ஒரு மருந்து "புது மருந்து" என்ற கணக்கில் இருக்கும் முதல் நான்கு வருடத்துக்குத்தான் பி.ஈ. ஆய்வு கட்டாயம். அந்தக் காலம் தாண்டிவிட்டால் மாநில லைசென்ஸ் அதிகாரியிடம் போய், ஆய்வு இல்லாமலே தயாரிப்பு லைசென்ஸ் வாங்க முடிந்தது. 2017 ஏப்ரலில்தான் மத்திய அரசு விதியைத் திருத்தி, தண்ணீரில் லேசில் கரையாத இரண்டு வகுப்பு மருந்துகளுக்கு (பி.சி.எஸ். 2, 4) எப்போது லைசென்ஸ் கேட்டாலும் ஆய்வு வேண்டும் என்று ஆக்கியது. உலகத்துக்கே மருந்து செய்து கொடுக்கிற நாட்டுக்கு இது ரொம்ப லேட். ஆனாலும் வந்தது.

இப்போது சிக்கலுக்கு வருவோம். ஒரு உதாரணம்.

திருவண்ணாமலையிலிருந்து வேலூருக்கு ஒரு பழைய பஸ் ஓடுகிறது. சுமார் இரண்டு மணி நேரம். அதே ரூட்டில் புது பஸ் விடுகிறார்கள். "இதுவும் அதே நேரத்துக்குத்தான் போகும்" என்று சொல்கிறார்கள். சோதிக்க வேண்டும். சாதாரணச் செவ்வாய்க்கிழமைகளில் சோதித்தால் நாலைந்து ட்ரிப்பில் தெரிந்துவிடும். ஆனால் ஒவ்வொரு ட்ரிப்பும் பௌர்ணமிக் கூட்டத்தில் மாட்டுகிற ரூட்டாக இருந்தால்? அதே பஸ், அதே டிரைவர், ஒரு நாள் இரண்டு மணி நேரம், இன்னொரு நாள் மூன்றரை. புது பஸ்ஸுக்கும் பழைய பஸ்ஸுக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசம் இந்த ஆட்டத்தில் மூழ்கிவிடும். வித்தியாசமே இல்லை என்று நிரூபிக்கக்கூட நூறு ட்ரிப் ஓட்ட வேண்டும்.

சில மருந்துகள் இப்படித்தான். ஒரே ஆள், ஒரே கம்பெனி, ஒரே மாத்திரை. திங்கட்கிழமை விழுங்கினால் ரத்தத்தில் ஒரு அளவு, அடுத்த வாரம் விழுங்கினால் வேறு அளவு. குடலில் சரியாகக் கரையாதது, முதல் சுற்றிலேயே ஈரல் பெரும்பகுதியைச் சிதைத்துவிடுவது, வயிற்று அமிலத்தில் அழிந்துபோவது என்று காரணங்கள் பல. ஹார்ட் அட்டாக் வந்தவர்களுக்குக் கொடுக்கும் குளோபிடோகிரெல், கொலஸ்ட்ராலுக்கான அட்டோர்வாஸ்டாட்டின், காலையில் வெறும் வயிற்றில் போடும் ஓமெப்ரசோல் எல்லாம் இந்தக் கூட்டத்தில் அடிக்கடி பெயர் அடிபடுகிறவை. வீட்டில் தாத்தா பாட்டியின் மாத்திரை டப்பாவைத் திறந்து பாருங்கள், இதில் ஒன்றாவது இருக்கும். ஒரே ஆளுக்குள் நடக்கும் இந்த ஆட்டத்தின் மாறுபாட்டுக் கெழு, அதாவது சி.வி., 30 சதவீதத்தைத் தாண்டினால் அது "அதிகம் மாறுபடும் மருந்து".

இதற்கு எத்தனை வாலண்டியர் வேண்டும்? சாதாரண இரண்டு பீரியட் ஆய்வில், உண்மையான விகிதம் 95 சதவீதம், பவர் 80 சதவீதம் என்று வைத்தால், சி.வி. 20-க்கு 20 பேர் போதும். 30-க்கு 40 பேர். 50-க்கு 98 பேர். உடம்பில் ஒரு நோயும் இல்லாத 98 பேரைப் படுக்க வைத்து, ஊசி குத்தி ரத்தம் எடுப்பது பண விஷயம் மட்டும் இல்லை. தேவையில்லாமல் ஒருவரைக்கூட அதில் சேர்க்கக் கூடாது என்பது அறம். இந்தப் பக்கத்து நியாயத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

அதனால் ஐரோப்பாவும் அமெரிக்காவும் ஒரு சலுகை கொண்டு வந்தன. ஒரிஜினல் மாத்திரையையே ஒவ்வொரு வாலண்டியருக்கும் இரண்டு தடவை கொடுங்கள். ஒரிஜினல் தனக்குத்தானே எவ்வளவு ஆடுகிறது என்று அளக்கலாம். பழைய பஸ்ஸே இவ்வளவு முன்னே பின்னே போகிறது என்றால், புது பஸ்ஸிடம் மட்டும் கறாராக நிற்பானேன்? எல்லையைக் கொஞ்சம் அகலப்படுத்துவோம். 2010-இல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய விதிப்படி, சி-மேக்ஸுக்கு மட்டும் இந்தச் சலுகை. ஒரிஜினலின் சி.வி. 30-ஐத் தாண்டினால் எல்லை விரியத் தொடங்கும். 40 என்றால் 74.62 முதல் 134.02 வரை. 50 என்றால் 69.84 முதல் 143.19 வரை, அதற்கு மேல் விரியாது. கூடவே ஒரு காவல்: விகிதத்தின் புள்ளி மதிப்பு எப்படியும் 80–125-க்குள் இருந்தே ஆக வேண்டும். இந்த முறையில் சி.வி. 50 உள்ள மருந்துக்கு நாலு பீரியட் ஆய்வில் 28 பேர் போதும். அதுவும் உண்மை விகிதம் 90 சதவீதம் என்ற கடினமான அனுமானத்தோடு.

அமெரிக்க எஃப்.டி.ஏ. இதையே வேறு ஃபார்முலாவில், சி-மேக்ஸ், ஏ.யூ.சி. இரண்டுக்கும் செய்கிறது. கனடா தலைகீழ், ஏ.யூ.சி.க்கு விரிக்கும், சி-மேக்ஸுக்குப் புள்ளி மதிப்பு மட்டும் பார்த்தால் போதும் என்று விட்டுவிடும். ஒரே மாத்திரை, மூன்று ஊரில் மூன்று பரீட்சை. இதைப் படித்தபோது எனக்கு ரெகுலேஷன் மாறும்போது நம்ம சிலபஸ் மாறுகிற மாதிரியே இருந்தது.

யோசனை நல்ல யோசனைதான். ஓட்டை எங்கே? "ஒரிஜினலின் சி.வி. 30-ஐத் தாண்டினால்" என்கிறோமே, அந்த சி.வி. நமக்கு எப்படித் தெரியும்? அதே ஆய்வில், அதே முப்பது நாற்பது பேரிடமிருந்து கணக்கிட்டதுதான். அது உண்மையான சி.வி. இல்லை, மதிப்பீடு. உண்மையான சி.வி. சரியாக 30 என்றால், ஆய்வுக்கு ஆய்வு அந்த மதிப்பீடு 26 என்றும் வரும், 34 என்றும் வரும். ஏறத்தாழ பாதி ஆய்வுகளில் 30-க்கு மேலே வரும். அந்தப் பாதியில், கிடைக்கக் கூடாத சலுகை கிடைத்துவிடும்.

வகுப்பறையில் நடந்தால் இப்படி இருக்கும். பரீட்சை கஷ்டமாக இருந்ததா என்று முடிவு செய்ய தனியாக ஒரு ஆதாரமும் கிடையாது. அதே விடைத்தாள்களைப் பார்த்து, "மார்க் ரொம்ப சிதறியிருக்கு, கஷ்டமான பேப்பர்தான் போல" என்று பாஸ் மார்க்கைக் குறைக்கிறார்கள். குறைத்த பாஸ் மார்க்கை வைத்து அதே தாள்களைத் திருத்துகிறார்கள். பேப்பர் உண்மையில் கஷ்டமில்லாமல், தற்செயலாகச் சிதறியிருந்தால்? கடைசி பெஞ்சில் நமக்குக் கொண்டாட்டம்தான். மாத்திரையில் அப்படிக் கொண்டாட முடியாது.

விளைவை எண்ணில் பார்க்கலாம். சி.வி. 30, 34 வாலண்டியர், நாலு பீரியட், ஐரோப்பிய விதி. எல்லைக்கோட்டில் நிற்கும் மாத்திரை பாஸ் ஆகும் வாய்ப்பு 5 சதவீதம் இல்லை, 8 சதவீதத்தை ஒட்டி வருகிறது. அமெரிக்க முறையில் சி.வி. 30-ஐ நெருங்கும் இடத்தில் எல்லை மெதுவாக விரியாமல் ஒரே தாவாகத் தாவும். 80–125-லிருந்து நேராக சுமார் 77–130-க்கு. அதனால் அங்கே இன்னும் மோசம், 5-இன் இரண்டு மடங்கைத் தாண்டிவிடும்.

இதை நம்ப வேண்டாம், ஓட்டிப் பாருங்கள். பைத்தானில் முப்பது வரி. கை-ஸ்கொயரிலிருந்து ஒரு மாறுபாட்டை எடு, நார்மலிலிருந்து ஒரு விகிதத்தின் லாக் மதிப்பை எடு, மாறுபாட்டை வைத்து எல்லையைக் கணக்கிடு, நம்பிக்கை இடைவெளி உள்ளே அடங்குகிறதா என்று பார், பத்து லட்சம் தடவை திரும்பச் செய். லேப்டாப்பில் டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும். ஆர் மொழியில் "பவர்டாஸ்ட்" என்ற இலவச பேக்கேஜில் இது ரெடிமேடாகவே இருக்கிறது.

ஒரு முக்கியமான விஷயம். இந்த ஓட்டை வாசல் பக்கத்தில்தான் பெரிது, சி.வி. 30 சுற்றுவட்டாரத்தில். சி.வி. ஏற ஏறக் குறையும். ஐரோப்பிய முறையில் 45 வாக்கில் போய்விட்டால் புள்ளி மதிப்புக் காவல் வேலை செய்ய ஆரம்பித்து, தவறான பாஸ் 5-க்குக் கீழேயே வந்துவிடும். அதாவது உண்மையிலேயே கடுமையாக ஆடும் மருந்துக்கு இந்தச் சலுகை ஆபத்தில்லாமல் கிடைக்கிறது. வாசலில் நின்று எட்டிப் பார்க்கிறவர்கள்தான் பிரச்சினை.

இன்னொன்று என்னை அதிகம் உறுத்துகிறது. இந்த விதியில் சத்தம் கூடினால் பாஸ் மார்க் குறைகிறது. நம்ம எலக்ட்ரானிக்ஸ் லேபில் நாய்ஸ் அதிகமானால் ரீடிங் செல்லாது, திரும்ப எடுக்கச் சொல்வார்கள். இங்கே ஒரிஜினல் மாத்திரையின் ரீடிங்கில் நாய்ஸ் அதிகமானால் சலுகை. ரத்தம் எடுக்கும் நேரம் தப்பிப்போனது, சாம்பிள் மாறிப்போனது, ஒரு வாலண்டியர் மாத்திரையை வாந்தியெடுத்தது கவனிக்கப்படாமல் போனது, எதுவாக இருந்தாலும் கணக்கில் அது "இந்த மருந்தே இப்படித்தான் ஆடும்" என்று பதிவாகிவிடும். பஸ் உதாரணத்தில் சொன்னால், நேரம் குறிக்கிற ஆளின் கடிகாரம் சரியில்லை, பழி பழைய பஸ் மேல், லாபம் புது பஸ்ஸுக்கு. அப்படி ஓரிரு ஆளின் விசித்திர ரீடிங்கால் சி.வி. ஊதியிருக்கக் கூடாது, அதைக் கம்பெனி நியாயப்படுத்த வேண்டும் என்று ஐரோப்பிய விதியே கேட்கிறது. அதாவது ஓட்டை இருப்பது அவர்களுக்கும் தெரியும். முறையாகச் செய்கிற லேபைவிட அரைகுறையாகச் செய்கிற லேபுக்கு வாசல் அகலம் என்றால், அது விதியின் கோளாறு.

இது கற்பனைக் கவலை இல்லை என்பதற்கு நாம் ஹைதராபாத் வரைகூடப் போக வேண்டாம். (அங்கே ஜி.வி.கே. பயோசயன்சஸில் ஈ.சி.ஜி. பதிவுகளில் கைவைத்தது தெரிந்து, 2015 ஜனவரியில் ஐரோப்பிய மருந்து முகமை சுமார் 700 மருந்துகளை நிறுத்தச் சொன்னது.) நம்ம தமிழ்நாட்டிலேயே நடந்தது. சென்னையிலும் கோயம்புத்தூரிலும் பி.ஈ. ஆய்வு நடத்திய மைக்ரோ தெரப்யூடிக் ரிசர்ச் லேப்ஸில் 2016 பிப்ரவரியில் ஆஸ்திரியா, நெதர்லாந்து அதிகாரிகள் வந்து சோதனை போட்டார்கள். ஆய்வுத் தரவுகள் தவறாகக் காட்டப்பட்டிருந்தன, ஆவணங்களிலும் தரவைக் கையாண்ட விதத்திலும் குறைகள் என்றார்கள். 2012 ஜூன் முதல் 2016 ஜூன் வரை அங்கே நடந்த ஆய்வுகளை நம்ப முடியாது என்று முடிவானது. 2017 மார்ச்சில் அந்த ஆய்வுகளை நம்பி அனுமதி பெற்ற 300-க்கும் மேற்பட்ட மருந்துகளை, வேறு ஆதாரம் காட்டாதவரை, நிறுத்திவைக்கப் பரிந்துரை வந்தது. அந்த மருந்துகளால் யாருக்கும் தீங்கு நடந்ததாகவோ, மருந்து வேலை செய்யவில்லை என்றோ ஆதாரம் இல்லை என்பதையும் அந்த முகமையே சொன்னது. அதையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம்.

அந்த வழக்கு அதிகம் மாறுபடும் மருந்துகளைப் பற்றியது இல்லை. நான் அதை இங்கே கொண்டு வருவதற்குக் காரணம் வேறு. எல்லை நிலையானதாக இருந்தால், தரவில் குழப்பம் வந்தால் இடைவெளி விரிந்து ஆய்வு பெரும்பாலும் ஃபெயில் ஆகும். குழப்பம் தன்னைத்தானே தண்டித்துக்கொள்ளும். எல்லை தரவோடு சேர்ந்து விரியும் விதியில் அந்தத் தானியங்கித் தண்டனை பலவீனமாகிவிடுகிறது. தரவை முழுசாக நம்ப முடியாத சூழல் ஒரு தடவையாவது நிரூபணமான ஊரில், தரவின் நேர்மையை மட்டுமே நம்பி நிற்கும் சலுகையை அப்படியே இரவல் வாங்கக் கூடாது என்பது என் கருத்து.

சரி, எதிர்த்தரப்பு என்ன சொல்கிறது? இரண்டு பேச்சு உண்டு.

முதலாவது: "இந்த மருந்துகள் ஏற்கெனவே ஒரே ஆளுக்குள் 40, 50 சதவீதம் ஆடுகின்றன. அப்படியிருந்தும் நோயாளிகள் நன்றாகத்தான் இருக்கிறார்கள். ஜெனரிக் இன்னும் ஒரு சின்ன வித்தியாசம் கொண்டு வந்தால் என்ன கெட்டுப்போகும்?" இதில் பாதி உண்மை. ஆனால் தினசரி ஆட்டம் ஒரு நாள் மேலே, ஒரு நாள் கீழே என்று சராசரியில் சமன் ஆகும். மாத்திரையின் வித்தியாசம் அப்படி ஆகாது, ஒவ்வொரு நாளும் ஒரே திசையில் தள்ளும். வருடக்கணக்கில் விழுங்கும் மருந்தில் இது சின்ன வேறுபாடு இல்லை.

இரண்டாவது கொஞ்சம் புத்திசாலித்தனமானது, அமெரிக்கத் தரப்பில் வைப்பது: "நீங்கள் தவறான பாஸை எந்த எல்லையில் நின்று அளக்கிறீர்கள்? விதி எழுதியபோதே எங்கள் மனதில் இருந்த எல்லை சி.வி. 25-லிருந்தே மெதுவாக விரியும் எல்லை. அதில் நின்று அளந்தால் 5-ஐத் தாண்டாது." கணக்காகப் பார்த்தால் தப்பில்லை. ஆனால் விதிப்புத்தகத்தில் சி.வி. 30-க்குக் கீழே 80–125 என்றுதானே எழுதியிருக்கிறது? வெளியே ஒரு எல்லையை அறிவித்துவிட்டு, மனதில் இருக்கும் இன்னொன்றை வைத்து மார்க் போட்டால், அறிவித்ததை நம்பியவருக்கு என்ன பதில்?

இந்த வாதங்களுக்கு நடுவில், ஜெனரிக் மருந்துகளின் நிஜ நிலவரத்தையும் மறக்கக் கூடாது. எஃப்.டி.ஏ. 1996-லிருந்து 2007 வரை ஏற்றுக்கொண்ட 2070 ஆய்வுகளை அலசியபோது, ஒரிஜினலுக்கும் ஜெனரிக்குக்கும் சராசரி வித்தியாசம் சி-மேக்ஸில் 4.35 சதவீதம், ஏ.யூ.சி.யில் 3.56 சதவீதம்தான். எல்லைக்கோட்டில் நிற்கிற மாத்திரைகள் அபூர்வம். அபூர்வம்தானே, விட்டுவிடலாம் என்றால், பிறகு சோதனையே எதற்கு? சோதனை வைப்பதே அந்த அபூர்வத்தைப் பிடிக்கத்தான்.

நம்ம மாநிலத்துக்கு இது கூடுதலாக முக்கியம். 1994-இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவ சேவைக் கழகம் டெண்டர் போட்டு மொத்தமாக வாங்கி அரசு ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புகிறது. நாடே பாராட்டும் ஏற்பாடு, எனக்கும் அதில் பெருமைதான். 2025 பிப்ரவரியில் முதல்வர் மருந்தகம் ஆயிரம் இடங்களில் திறந்தார்கள். விலை குறைந்தது. இப்படி வாங்கும்போது, ஒருவருக்குப் போன வருடம் ஒரு கம்பெனி மாத்திரை, இந்த வருடம் இன்னொரு கம்பெனி மாத்திரை வருவது சகஜம். பி.ஈ. ஆய்வு ஒவ்வொரு ஜெனரிக்கையும் ஒரிஜினலோடு ஒப்பிடும். இரண்டு ஜெனரிக்குகளை ஒன்றோடு ஒன்று யாரும் ஒப்பிடுவதில்லை. ஒன்று 80 பக்கத்திலும் இன்னொன்று 125 பக்கத்திலும் நின்றால், இரண்டுக்கும் நடுவில் ஒன்றரை மடங்குக்கு மேல். அது மிக மோசமான கற்பனை என்று எனக்கும் தெரியும். ஆனால் எல்லையில் விடுகிற ஒவ்வொரு சலுகையும் மாத்திரை மாறிக்கொண்டே இருக்கும் நம்ம ஆட்களிடம்தான் வந்து சேரும். வாழ்நாள் முழுக்க ஒரே பிராண்ட் வாங்கும் வசதி இருப்பவரிடம் போய்ச் சேராது.

தீர்வு ஏற்கெனவே எழுதி வைத்திருக்கிறார்கள். 2016-இல் லாபெஸ், ஷூட்ஸ் என்ற இருவர் வெளியிட்ட கட்டுரை சொல்வது சுலபம்: ஆய்வின் டிசைனையும், கிடைத்த சி.வி.யையும் போட்டு சிமுலேஷன் ஓட்டு. தவறான பாஸ் 5-ஐத் தாண்டினால், ஆல்ஃபாவைக் கொஞ்சம் குறைத்து மறுபடி ஓட்டு. 5-க்கு வரும்வரை குறைத்துக்கொண்டே போ. அந்த ஆல்ஃபாவில் நம்பிக்கை இடைவெளி எடு. மேலே சொன்ன 34 பேர் உதாரணத்தில் 90 சதவீத இடைவெளிக்குப் பதில் 94-ஐ ஒட்டிய இடைவெளி வரும். பழைய பவரையே வேண்டும் என்றால், என் தோராயக் கணக்கில் 34 பேர் இருந்த இடத்தில் நாற்பது சொச்சம் பேர் வேண்டும். சி.வி. 45-ஐத் தாண்டிய மருந்துக்கு ஒரு ஆள்கூடக் கூடுதல் வேண்டாம், ஏனென்றால் அங்கே திருத்தவே ஒன்றும் இல்லை. இந்த முறையிலும் கிடைத்த சி.வி.யைத்தான் நம்புகிறோம், அது உண்மையானது இல்லை என்ற குறை இருக்கிறது. அதற்குப் பயந்தால் சி.வி. 30 என்றே மிக மோசமான இடத்தில் நிறுத்தி ஆல்ஃபாவைக் கணக்கிடலாம். எது என்பதை வாலண்டியர்களைப் பற்றிப் பேசத் தெரிந்தவர்கள் முடிவு செய்யட்டும். ஒன்றுமே செய்யாமல் இருப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

கூடுதலாக வரும் அந்த ஏழெட்டு வாலண்டியர்களின் ரத்தம் இலவசம் இல்லை என்று நானே மேலே எழுதினேன். இப்போதும் அதையே சொல்கிறேன். ஆனால் 34 பேரின் ரத்தத்தை எடுத்துவிட்டு, கேட்ட கேள்விக்கு அரைகுறைப் பதிலோடு வருவது அந்த 34 பேருக்கும் செய்யும் மரியாதை இல்லை.

உலக அளவில் இந்த விதிகளை ஒன்றாக்கும் வேலை ஐ.சி.எச். அமைப்பில் நடக்கிறது. பொதுவான விதிகள் அடங்கிய எம்13ஏ 2024 ஜூலையில் முடிந்தது. அதிகம் மாறுபடும் மருந்துகளை எம்13சி என்ற பகுதிக்குத் தள்ளி வைத்தார்கள். உலகத்துக்கு ஜெனரிக் செய்து கொடுப்பதும் அதை விழுங்குவதும் ஒரே நேரத்தில் நாம்தான். அதனால் இந்தியா கேட்க வேண்டியது மூன்று: எல்லை விரிகிற ஆய்வில் தவறான பாஸ் 5-க்குள் இருப்பதை சிமுலேஷனோடு காட்டச் சொல்ல வேண்டும். ஒரிஜினலின் ஒவ்வொரு விசித்திர ரீடிங்கையும் தனியாக விளக்கச் சொல்ல வேண்டும். கிடைத்த சி.வி., விகிதம், இடைவெளி மூன்றையும் பொதுவில் போட வேண்டும். ஐரோப்பாவில் மருந்துகளின் மதிப்பீட்டு அறிக்கையில் இந்த எண்களை வீட்டிலிருந்தே படிக்க முடிகிறது. கலெக்டர் ஆபீஸ் எதிரே மாத்திரை வாங்குகிற நமக்கும் படிக்கக் கிடைக்கட்டும்.

ஃபைனல் இயர் புராஜெக்ட்டுக்கு இன்னும் தலைப்பு கிடைக்காமல் அலைகிற நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. அட்டென்டன்ஸ் சிஸ்டம், ஸ்மார்ட் டஸ்ட்பின் எல்லாம் போதும். ஐரோப்பா, அமெரிக்கா, கனடா மூன்று விதிகளையும் ஒரே கோடில் எழுதி, சி.வி. 20-லிருந்து 60 வரை தவறான பாஸ் எப்படி ஏறி இறங்குகிறது என்று ஒரு கிராஃப் போடுங்கள். நாய்ஸை வேண்டுமென்றே ஒரிஜினல் பக்கம் மட்டும் ஏற்றினால் என்ன ஆகிறது என்று இன்னொரு கிராஃப். ஹார்டுவேர் செலவு பூஜ்யம். கைட் சம்மதிக்கவில்லை என்றால் இந்த இதழை அனுப்பிப் படிக்கச் சொல்லுங்கள்.